ஒரு வாளி வெந்நீர்

மார்கழி பிறந்து நாலைந்து நாள்தான் ஆகியிருக்கும். விடியற்காலையில் கொல்லைப்புறத்திலிருந்து 'புஸ்'ஸென்று ஒரு சத்தம் கேட்டது. பாம்போ என்று பதறி எழுந்து ஓடினேன். சத்தம் போட்டது எங்கள் வீட்டுப் பாய்லர். ஐம்பது வருஷமாக எங்களுக்கு வெந்நீர் கொடுத்து வந்த அந்தச் செம்புப் பாய்லர், அன்றைக்குத் தன் வயிற்றில் எரிந்த நெருப்பின் மேல் தானே தண்ணீரைக் கொட்டிக் கொண்டுவிட்டது. சாம்பலும் நீராவியுமாகக் கிளம்பிய புகையின் நடுவே அம்மா நின்று கொண்டிருந்தாள், கையில் ஊதுகுழலோடு.

"போச்சுடா" என்றாள். உறவில் யாரோ காலமான செய்தியைச் சொல்வது போலிருந்தது.

1974-இல் அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்களோடு மாட்டுவண்டியில் வந்தது அந்தப் பாய்லர். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாய்லர் என்றால் டீக்கடைதான் ஞாபகம் வரும். அதே ஜாதிதான் இதுவும். இடுப்பு உயரம். நடுவில் மேலிருந்து கீழே இறங்கும் ஒரு குழாய். அதற்குள் கரியோ சுள்ளியோ போட்டு நெருப்பு மூட்டவேண்டும். சாம்பல் விழ அடியில் ஒரு சல்லடை. குழாயைச் சுற்றி நாற்புறமும் தண்ணீர். திறந்து பிடித்துக்கொள்ளப் பித்தளைத் திருகுக் குழாய். ருஷ்யக் கதைகளில் அடிக்கடி வரும் ஸமோவார் இதற்கு அத்தை பிள்ளை முறை என்று வைத்துக் கொள்ளலாம்.

எங்கள் ஊர் கலசப்பாக்கம். செய்யாற்றங்கரையில் இருக்கிறது. மேற்கே பர்வத மலை. அதற்கும் அப்பால் ஜவ்வாது மலைத் தொடர். மார்கழி, தை மாதங்களில் அந்த மலைகளிலிருந்து இறங்குகிற பனிக்காற்று, குளிக்கப் போகிறவனைக் கிணற்றடியிலேயே தடுத்து நிறுத்திவிடும். ஆகையால் எங்கள் வீட்டில் வெந்நீர் என்பது சுகவாசிகளின் சௌகரியமாக ஒருநாளும் இருந்ததில்லை. அது சோறு, குழம்பு மாதிரி அன்றாட விஷயம். நாலு மணிக்கு அம்மா எழுந்து பாய்லரை மூட்டுவாள். முதல் வாளி அப்பாவுக்கு. அவர் போன பிறகு எனக்கு. அப்புறம் கல்லூரிக்குப் போகிற என் மகளுக்கு. பிறகு என் மனைவிக்கு. அம்மா கடைசியில் குளிப்பாள். அதற்குள் நெருப்பு அடங்கியிருக்கும். தண்ணீர் வெதுவெதுப்பாகக் கூட இராது. இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுத முடிகிறதே தவிர, பாய்லர் உடைகிற வரையில் இப்படி ஒரு வரிசை இருக்கிறதென்றே நான் கவனித்ததில்லை.

பாய்லரை ஒரு வேனில் ஏற்றித் திருவண்ணாமலைக்குக் கொண்டு போனேன். பாத்திரம் அடைக்கிறவர் விளக்குப் போட்டு அதன் வயிற்றுக்குள் பார்த்தார். நகத்தால் சுரண்டினார்.

"தகடு தேய்ஞ்சு காகிதமாப் போயிருக்கு சார். ஒரு ஓட்டை அடைச்சா பக்கத்துல ரெண்டு விழும். எடைக்குப் போடுங்க, நல்ல விலை வரும்" என்றார்.

எடைக்குப் போடவில்லை. அதை அப்படியே திரும்ப ஏற்றிக்கொண்டு வந்து தாழ்வாரத்தில் வைத்தேன். அன்று சாயங்காலம் வீட்டில் மந்திராலோசனை தொடங்கியது.

மனைவி மின்சாரக் கீசர் கட்சி. "சுவிட்சைப் போட்டா ஆச்சு. எல்லார் வீட்லயும் அதுதாங்க இருக்குது" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் கேஸ் கீசர் கட்சி. மகள் சோலார் கட்சி. எனக்கு மட்டும் கும்பகோணத்துப் பக்கம் போய் இன்னொரு செம்புப் பாய்லர் வாங்கி வந்தாலென்ன என்று ஓர் ஆசை. பழைய பொருள்களின் மேல் எழுத்தாளர்களுக்கு ஏற்படும் பாசம் பெரும்பாலும் அவற்றைத் துலக்குகிற வேலை இன்னொருவருடையதாக இருப்பதால்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அம்மா எந்தக் கட்சியிலும் சேரவில்லை. மறுநாள் காலை பார்த்தால், கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி அலுமினிய அண்டாவை ஏற்றி வைத்து, வேலிகாத்தான் முள்ளும் வேர்க்கடலைத் தோலும் போட்டு எரித்துக்கொண்டிருந்தாள். பாய்லரிலாவது நெருப்பு ஒரு குழாய்க்குள் அடங்கி எரிந்தது. இங்கே சூட்டில் பெரும்பகுதி ஆகாயத்துக்குப் போயிற்று; புகை அம்மாவின் முகத்துக்கு வந்தது. இருமல் உள்ளே என் அறை வரைக்கும் கேட்டது. அந்த இருமல் புதிதல்ல. மூன்று நான்கு குளிர்காலமாகவே இருந்தது. 'வயசாச்சு, பனி ஒத்துக்கொள்ளவில்லை' என்று நாங்களே ஒரு காரணம் கற்பித்து வைத்திருந்தோம்.

பொங்கலுக்கு முன்னால் இருமல் அதிகமாகி மூச்சு வாங்கவே, அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். ஐம்பது வருஷம் ஊதிய அம்மாவால் அதை ஊத முடியவில்லை.

"வீட்டில் விறகடுப்பா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லை சார், கேஸ் வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"சுடுதண்ணீர்?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மா சொன்னாள்: "அது கொல்லையிலதான் சாமி."

டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எந்த விமர்சகரும் இதுவரை என் மேல் வீசியதில்லை. நெஞ்சில் தேய்ந்தது தேய்ந்ததுதான், அது திரும்ப வளராது. ஆனால் புகையை இன்றைக்கே நிறுத்தினால் மேலும் தேய்வதன் வேகம் குறையும் என்று விளக்கினார்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அடுப்புப் புகையை வீடு வீடாகப் போய் அளந்து ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடன் உழைத்தவர்களும் இந்த ஆராய்ச்சியில் பேர் பெற்றவர்கள். விறகும் வரட்டியும் எரிகிற வீட்டில் யார் அடுப்பண்டை உட்காருகிறாரோ அவர் நெஞ்சுக்குள்தான் அதிகப் புகை போகிறது என்பது அவர்களுடைய அளவுகளில் தெளிவாகத் தெரிந்தது. தமிழக அரசு இலவச கேஸ் அடுப்புக் கொடுத்தது. 2016-இல் மத்திய அரசு உஜ்வலா திட்டம் கொண்டு வந்தது. சமையலறைக் கரி போயிற்று. ஆனால் எத்தனையோ வீடுகளில் அந்தப் புகை வீட்டைவிட்டு வெளியேறவில்லை; சமையலறையிலிருந்து கொல்லைக்குக் குடிபெயர்ந்து வெந்நீர் அண்டாவின் அடியில் உட்கார்ந்து கொண்டது. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். 'கொஞ்சம் வெந்நீருக்கு எதற்குக் கேஸை வீணாக்குவது' என்பது எங்கள் சிக்கனம். அந்தச் சிக்கனத்தின் செலவுக் கணக்கை அம்மாவின் நெஞ்சில் எழுதி வந்திருக்கிறோம்.

அப்புறம்தான் வெந்நீர் விஷயத்தை உண்மையான அக்கறையோடு ஆராயத் தொடங்கினேன்.

முதலில் கேஸ் கீசர். கடைக்காரர் ஒருவர், "குழாயைத் திறந்த நிமிஷமே கொதிக்கும் சார்" என்றார். "கதவைச் சாத்திக்கொண்டு குளித்தால் காற்று?" என்று கேட்டேன். "அது எங்கேயாவது வந்துடும் சார்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. 1868-இல் லண்டனில் வர்ணம் பூசும் தொழில் செய்து வந்த பெஞ்சமின் மாஹன் என்பவர்தான் வீட்டுக்குள் கேஸால் தண்ணீர் காய்ச்சும் கருவியை முதலில் செய்தார். ஐஸ்லாந்து தேசத்து வெந்நீர் ஊற்றின் பெயரை அதற்கு வைத்தார். 'கீசர்' என்று நாம் சொல்லுவது அந்தப் பெயரைத்தான். அவர் செய்ததில் புகை வெளியே போகக் குழாய் கிடையாது. கேஸ் போதிய காற்றில்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும். குளிக்கப் போனவர் தலைசுற்றி விழுவார். தாழ்ப்பாளை உடைத்துத்தான் பார்க்கவேண்டும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் குளிர்காலந்தோறும் நம் தேசத்துப் பத்திரிகைகளில் இந்தச் செய்தி வருகிறது. கருவியை வெளிச்சுவரில் மாட்டி, புகைக்கும் காற்றுக்கும் வழி செய்தால் ஆபத்தைத் தடுக்கலாம். எங்கள் குளியலறையிலோ பூனை நுழையும் அளவுக்கு ஒரே ஒரு ஜன்னல். கண்ணுக்குத் தெரிகிற புகையிலிருந்து அம்மாவைக் காப்பாற்றிக் கண்ணுக்குத் தெரியாத புகையிடம் ஒப்படைக்க மனம் வரவில்லை.

அடுத்தது மின்சாரம். மகள் காகிதமும் பேனாவும் எடுத்தாள். கல்லூரியில் படித்த பௌதிகத்தில் மிச்சமிருந்ததை நானும் கொடுத்துதவினேன். மார்கழிக் குளிரில் ஒருவர் ஒரு வாளி, அதாவது 20 லிட்டர், குளிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை 20 டிகிரி ஏற்ற வேண்டுமானால் 400 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தில் 860 கிலோ கலோரி கிடைக்கும். ஆக, ஒரு வாளிக்கு அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. நாலு பேருக்கும் சேர்த்து இரண்டு யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.

"இவ்வளவுதானா!" என்றாள் மனைவி.

இவ்வளவுதான். ஒரு கிலோ காய்ந்த விறகுக்குள் சுமார் 4,000 கிலோ கலோரி இருக்கிறது. நாங்கள் நாலு பேரும் குளிக்கத் தேவையானது 1,600. அரைக் கிலோ விறகின் சூட்டுக்காக அம்மா தினமும் ஒரு கூடை எரித்துக்கொண்டிருந்தாள்.

கணக்குப்படி மின்சாரக் கீசரே ஜெயித்திருக்கவேண்டும். ஆனால் இரண்டு தடைகள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். கீசருக்குள்ளிருக்கும் கம்பியின் மேல் அது பாறையாகப் படிந்து, சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியையே தின்றுவிடும். அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும். இரண்டாவது தடை அம்மா. பல வருஷங்களுக்கு முன், வாளிக்குள் போடுகிற ஹீட்டர் கம்பி ஒன்று வாங்கி வந்தோம். சுவிட்சை அணைக்காமல் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். தூக்கியெறிந்தது, பிழைத்தது மறுபிறப்பு. அன்றிலிருந்து தண்ணீரும் மின்சாரமும் ஒரே அறையில் இருந்தால் அம்மா அங்கே போகமாட்டாள். புதிய கீசருக்கு எத்தனை பாதுகாப்பு உண்டென்று எடுத்துச் சொல்லியும் பயனில்லை.

கடைசியில் சூரியன். 1891-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப், வெயிலில் தண்ணீர் காய்ச்சுகிற பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். பகலெல்லாம் காய்ந்த தண்ணீர் ராத்திரியில் ஆறிப்போவதுதான் அதன் குறை. 1909-இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர், காய்ச்சுகிற பகுதி வேறு, சேர்த்து வைக்கிற தொட்டி வேறு என்று பிரித்து, தொட்டிக்குக் கதகதப்பாகப் போர்வை போர்த்தினார். இரவிலும் வெந்நீர் கிடைத்தது. இன்றைக்கு நம் மொட்டை மாடிகளில் இருப்பது அதே யோசனைதான். சூடேறிய தண்ணீர் லேசாகித் தானே மேலே ஏறும். குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். பம்ப்பு வேண்டாம், ஆள் வேண்டாம்.

இதிலும் இரண்டு வகை. செம்புக் குழாய்கள் ஓடும் தட்டைப் பெட்டி ஒன்று. கண்ணாடிக் குழாய்களை வரிசையாக அடுக்கியது மற்றொன்று. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் காற்றே கிடையாது. டீ வாங்கி வருகிற பிளாஸ்க்கின் தத்துவம். உப்புத் தண்ணீர் செம்புக் குழாய்களைச் சீக்கிரம் அடைத்துவிடும். கண்ணாடிக் குழாயைக் கழற்றிக் கழுவலாம், உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். எங்களுக்குக் கண்ணாடிதான் என்று முடிவாயிற்று. விலை ஒரு சின்ன மின்சாரக் கீசரைப் போல மூன்று மடங்கு.

மகள் ஒரு கேள்வி போட்டாள். "அப்பா, ஐப்பசி கார்த்திகையில என்ன பண்றது?" வெந்நீர் அதிகம் தேவைப்படும் அடைமழை நாளில்தான் சூரியன் லீவு எடுத்துக்கொள்கிறான். அதற்காகத் தொட்டிக்குள் ஒரு மின்சாரக் கம்பியும் வைத்துத் தருகிறார்கள். அந்தச் சுவிட்சு மாடிப்படிக்கு அடியில், அம்மா கண்ணில் படாத இடத்தில்.

எல்லாம் சரி. அம்மாவிடம் யார் சொல்வது?

மறுநாள் நாலு மணிக்கு நானும் எழுந்து கொல்லைக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். சோலார் பற்றிச் சொன்னேன். டாக்டர் சொன்னதை மறுபடி சொன்னேன். அம்மா சுள்ளியைத் தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"புகை ஆகாதுன்னு எனக்குத் தெரியாதாடா? இது போச்சுன்னா காலைல எழுந்து நான் என்ன பண்றது, அதைச் சொல்லு."

என்னிடம் பதில் இல்லை. சமையல் மருமகளுடையதாகிவிட்டது. கணக்கு வழக்கு என்னுடையது. மாடு விற்றாயிற்று. ராத்திரி படுக்கப் போகுமுன், "காலைல யார் யார் எத்தினி மணிக்குக் கிளம்பறீங்க?" என்று கேட்டு வைத்துக் கொள்வாளே, அந்த ஒரு கேள்விதான் அந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சியிருந்த உத்தியோகம். யாருக்குப் பரீட்சை, யாருக்கு ஜலதோஷம், யார் வெளியூர் போகிறார் என்பதெல்லாம் அந்த நெருப்பின் வழியாக அவளுக்குத் தெரிய வரும். பெண்களின் மனசைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதியவன் நான். ஒரு பக்கத்திலாவது வெந்நீர் தானாகக் கொதித்திருக்கிறதே தவிர, யாரும் மூட்டியதில்லை.

என் மகள்தான் வழி கண்டாள். "ஆயா, நெருப்பே இல்லாம சூரியன் காய்ச்சின தண்ணி. ரத சப்தமிக்கு நீ எருக்க இலை வெச்சுக் குளிக்கறியே, அந்தச் சூரியன்தான்" என்றாள்.

ரத சப்தமி எங்கள் ஊருக்குப் பெரிய நாள். அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் புறப்பட்டு வந்து எங்கள் செய்யாற்றில் தீர்த்தவாரி கண்டருளுவார். எங்கள் ஊர்த் திருமாமுடீஸ்வரரும் ஆற்றுக்கு எழுந்தருளுவார். அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே சோலார் மாடி ஏறியது. எங்கள் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 12 டிகிரிக்குச் சற்று மேல். ஆகவே குழாய்கள் தெற்குப் பார்த்துச் சாய்ந்து நின்றன. ரத சப்தமியன்று விடியலில் அம்மா குழாயைத் திறந்தாள். ஐந்து நிமிஷம் பச்சைத் தண்ணீர்தான் வந்தது. "இதான் உங்க சூரியனா?" என்றாள். மாடியிலிருந்து இறங்கும் குழாயில் ராத்திரி தங்கின தண்ணீர் அது. பிறகு வந்தது சுட்டது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். முகத்தில் ஓர் ஆச்சரியம். அதை மறைக்க முயன்றாள்.

முதல் வாரம் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நாலு மணிக்கு வழக்கம்போல் விழித்து, கொல்லையில் போய் நின்று, கறுத்த மூன்று கற்களையும் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். எட்டாம் நாளோ என்னவோ, குளியலறையில் வாளி வைக்கிற சத்தம் கேட்டது. குழாயில் முதலில் வருகிற அந்தப் பச்சைத் தண்ணீரை நாங்கள் சாக்கடையில் விட்டுக்கொண்டிருந்தோம். அம்மா அதைப் பிடித்துக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். சூடு வந்தவுடன் நின்று, "வந்துடுச்சு, எழுந்திருங்க" என்று குரல் கொடுத்தாள். மறுநாளும் அப்படியே. ராத்திரிக் கேள்வியும் திரும்பி வந்தது: "காலைல யார் யார் எத்தினி மணிக்கு?"

இருமல் அடியோடு போய்விடவில்லை. குறைந்திருக்கிறது. டாக்டர் சொன்னதும் அவ்வளவுதான்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி மின்சாரமும் போயிற்று. சூரியனும் இல்லை, சுவிட்சும் இல்லை. மறுநாள் எண்ணெய் ஸ்நானம். அம்மாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்துவிட்டேன்.

"நீ எழுந்திருக்கக் கூடாது. நான் மூட்டுகிறேன்" என்றேன்.

மூன்று மணிக்கு எழுந்து, கொல்லைச் சார்ப்பின் அடியில் அந்த மூன்று கற்களின் முன் உட்கார்ந்தேன். அம்மா புகை எட்டாத தூரத்தில், உள் வாசற்படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து உத்தரவு போட்டாள். "தோலை முதல்ல போடாதே. மட்டையைக் கீழே வை. காத்து போக வழி விடு. ஊதாதே, இன்னும் பிடிக்கலை... இப்போ ஊது." வேர்க்கடலைத் தோல் நமுத்திருந்தது. கண்ணில் தாரை தாரையாக நீர் வழிந்தது. பத்து நிமிஷத்துக்குள் நெஞ்சு எரிந்தது. இருமினேன். அந்த இருமல் எனக்குத் தெரிந்த இருமலாக இருந்தது. தினம் ஒரு முறை என்று ஐம்பது வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினெட்டாயிரத்துக்கும் மேலே போயிற்று. அதற்கு மேல் கணக்குப் போடவில்லை.

ஐந்து மணிக்கு அண்டாவில் ஆவி பறந்தது. முதல் வாளியை மொண்டு, விளாவி, குளியலறையில் கொண்டு போய் வைத்தேன்.

"யாருக்குடா?" என்றாள் அம்மா.

"உனக்குத்தான்."

அவள் ஒரு விநாடி என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து, வாளிக்குள் விரலை விட்டாள்.

"சூடு பத்தலையேடா" என்றாள்.

திரும்பப் போய் இன்னும் ஒரு சொம்பு மொண்டு வந்து ஊற்றினேன்.